தை மாதத்தில் எரிந்த மோட்டார்கள்

கோடையில்தான் மோட்டார் எரியும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டை ஒட்டி என் சித்தப்பா வைத்திருந்த காயில் கட்டும் கடையில் மார்கழியிலும் தையிலும்தான் வேலை குவியும். வடகிழக்குப் பருவமழை முடிந்து கிணறு தளும்பி நிற்கும் காலம் அது. மார்கழிப் பட்டத்து மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, உயிர்த்தண்ணி விட வேண்டிய நேரம். கிணற்றில் தண்ணீர் இருக்கும், கம்பியில் கரண்ட் இருக்கும், மோட்டார் மட்டும் மாட்டு வண்டியில் ஏறிக் கடைக்கு வந்துவிடும்.

நான் சொல்வது 1980-களின் பின்பாதி. எங்கள் மாவட்டத்துக்கு அப்போது பெயர் தென்னாற்காடு. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல். பம்புசெட்டு மின்சாரம் சிறு விவசாயிகளுக்கு 1984-லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் இலவசமானது. மாடு கட்டிக் கவலை ஓட்டிக்கொண்டிருந்த கிணறுகளிலும் ஆயில் இன்ஜின் ஓடிய கிணறுகளிலும் கரண்ட் மோட்டார் ஏறிய காலம் அது. ரயிலுக்கு மட்டும் 1960-களிலேயே தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை 25,000 வோல்ட் கம்பி இழுத்துவிட்டார்கள். மீட்டர்கேஜ் பாதையில் மின்சார இன்ஜின் எங்கள் கொல்லைகளைத் தாண்டி ஓடும். அதே கொல்லைகளில் 415 வோல்ட் வரவேண்டிய மோட்டாருக்கு, லைன் கடைசியில் 340 வந்தாலே பெரிது.

சித்தப்பா ஐ.டி.ஐ. படித்தவர். கருகிய காயிலை வெட்டி எடுத்து, ஸ்லாட்டில் காப்புப் பேப்பர் வைத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்கி, வார்னிஷ் ஊற்றி, ஸ்டேட்டருக்கு நடுவே நூறு வாட் பல்பை எரியவிட்டுக் காயவைப்பார். கடையில் எப்போதும் வார்னிஷும் கருகல் வாசனையும் கலந்து நிற்கும். இதெல்லாம் எந்தக் கடையிலும் பார்க்கலாம். அவரிடம் கூடுதலாக ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஊர், எத்தனை எச்.பி., எத்தனை ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்), கிணறு எவ்வளவு ஆழம், அன்றைக்குத் தண்ணீர் எங்கே நின்றது, குழாய் எத்தனை இன்ச், எவ்வளவு தூரம், அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் எத்தனை மோட்டார் ஓடுகிறது என்றெல்லாம் கேட்டு எழுதிவைப்பார். கூலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏன் எரிகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மயிலம் பக்கத்திலிருந்து வந்த ஒருவருடன் அவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"போன மாசந்தான் கட்டிக் குடுத்த. அதுக்குள்ள போயிடுச்சேப்பா."

"தண்ணி எங்க நிக்குது மாமா?"

"மேலயே நிக்குது. குனிஞ்சா மொண்டுக்கலாம்."

"அப்போ வால்வ கால்வாசி மூடி வச்சி ஓட்டு."

வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடன் வாங்கி மோட்டார் வாங்கி வச்சிருக்கேன், வால்வ மூடச் சொல்றியா?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தண்ணீர் ஆழத்துக்குப் போனால் மோட்டாருக்குச் சிரமம், மேலே வந்தால் சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சென்ட்ரிஃபியூகல் பம்பு அப்படி நடந்துகொள்வதில்லை. வைகாசியில் தண்ணீர் கீழே போனாலும் இறைக்க வேண்டும் என்று விவசாயி அதிக ஹெட் உள்ள பம்பாகப் பார்த்து வாங்குகிறார். தை மாதத்தில் தண்ணீர் தரைக்கு வந்துவிடுகிறது. தூக்க வேண்டிய உயரம் குறைந்ததும் பம்பு அள்ளித் தள்ளும் தண்ணீரின் அளவு எகிறுகிறது. அத்தனை தண்ணீரைத் தள்ள மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கிறது. ஊரெல்லாம் அதே நேரத்தில் தண்ணீர் பாய்ச்சுவதால் வோல்டேஜும் இறங்குகிறது. 415 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் இழுக்கும் 5 எச்.பி. மோட்டார், அதே வேலையை 340 வோல்ட்டில் செய்ய ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் காயில் ஒன்றரை மடங்கு சூடாகிறது. பம்பு கேட்கும் கூடுதல் சுமை அதற்கும் மேலே. வால்வைக் கொஞ்சம் மூடினால் பம்புக்குச் செயற்கையாக ஒரு ஹெட் கிடைக்கிறது. தண்ணீர் குறைகிறது, கரண்டும் குறைகிறது. சித்தப்பா சொன்னது சரியான வைத்தியம். ஏன் சரி என்பதைக் கேட்பவர் நம்பும்படி சொல்ல அவரிடம் வழி இருக்கவில்லை. ஆகவே சோதனை ஒவ்வொரு ஆண்டும் விவசாயியின் காசில், விவசாயியின் கிணற்றில் நடந்தது. மோட்டார் எரிந்த பத்து நாளில் பயிர் காய்ந்தால் அந்த நஷ்டமும் அவருக்குத்தான்.

பொறியாளர்கள் ஏன் ஒரு பொருளைக் கட்டுவதற்கு முன்னால் அதைக் கணினியில் ஒரு மொழியில் எழுதி ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்கும்போது நான் கார் கம்பெனியையோ ராக்கெட்டையோ சொல்வதில்லை. இந்த மோட்டாரைத்தான் சொல்கிறேன்.

நான் பொறியியல் படித்தபோது பாடங்கள் தனித்தனி அறைகளில் இருந்தன. ஹைட்ராலிக்ஸ் லேப்பில் பம்பின் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் வரைபடம் போட்டோம். எலக்ட்ரிகல் மெஷின்ஸ் லேப்பில் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும் என்று படித்தோம். 340 வோல்ட்டில் அது மூன்றில் இரண்டு பங்காகிவிடும். கிணறு எந்த லேப்பிலும் இல்லை. கிணற்றில் ஊற்று எவ்வளவு வேகத்தில் வரும் என்பது ஜியாலஜிக்காரர் சமாச்சாரம், டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்தின் சமாச்சாரம். பரீட்சையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மார்க். வயலில் இவை எல்லாம் ஒரே நொடியில் ஒன்றையொன்று இழுக்கின்றன. பம்பு எவ்வளவு தள்ளும் என்று பம்பு மட்டும் முடிவு செய்வதில்லை, குழாயும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இரண்டரை இன்ச் போட வேண்டிய இடத்தில் இரண்டு இன்ச் குழாய் போட்டால், அதே தண்ணீருக்கு உராய்வு மூன்று மடங்காகிறது. தண்ணீர் குறைந்தால் கரண்ட் குறைகிறது. கரண்ட் குறைந்தால் வோல்டேஜ் சற்று ஏறுகிறது. வோல்டேஜ் ஏறினால் மோட்டார் சுற்றும் வேகம் கொஞ்சம் கூடுகிறது. வேகம் கூடினால் பம்பு தள்ளுவதும் கூடுகிறது. எந்த இடத்தில் தொடங்கிக் கணக்குப் போடுவது?

கிராஃப் பேப்பரில் பம்பின் கோட்டையும் குழாயின் கோட்டையும் போட்டு, வெட்டும் புள்ளியைப் பார்த்தால் ஒரு நொடிக்கான விடை கிடைக்கும். காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டு, கிணற்று மட்டம் மணிக்கு மணி இறங்கி, எட்டு மணிக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர் தன் மோட்டாரைப் போடும்போது என்ன ஆகும் என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஃபோர்ட்ரானில் எழுதலாம். எழுத வேண்டுமானால் எது முதலில் தெரியும், அதிலிருந்து எது வரும், பிறகு எது என்று நாமே வரிசைப்படுத்தித் தர வேண்டும். கேள்வியை மாற்றினால் வரிசையும் மாறும். பாதிப் புரோகிராமை அழித்து எழுத வேண்டும். இந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கேட்பதற்கு ஒரு புரோகிராம், இவ்வளவு தண்ணீர் வர எந்தக் குழாய் போடலாம் என்று கேட்பதற்கு இன்னொன்று.

இந்தச் சிக்கலைப் பார்த்த ஒருவர் ஸ்வீடனில் இருந்தார். ஹில்டிங் எல்ம்க்விஸ்ட் 1978-ல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் டைமோலா என்ற மொழியை முன்வைத்தார். சமன்பாடுகளை நீங்கள் இயற்பியலில் இருக்கிறபடியே எழுதுங்கள், எதை முதலில் தீர்ப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் அடிப்படை. அந்த வழியில் பலர் கூடி உருவாக்கிய மாடலிகா மொழியின் முதல் பதிப்பு 1997 செப்டம்பரில் வெளிவந்தது. சென்னைக்குப் பக்கத்தில் வாகனத் துறையில் வேலை செய்தபோது கார் ஏ.சி.யைக் கணக்கிட அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். முதல் வாரத்திலேயே எனக்கு மனசில் ஓடியது சித்தப்பாவின் நோட்டுதான்.

இந்த மொழியில் சமன்குறிக்கு இரண்டு பக்கமும் சம உரிமை. ஃபோர்ட்ரானில் வலது பக்கம் கணக்குப் போட்டு இடது பக்கம் வைக்க வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் எப்போதும் சமமாக இருக்கும் என்று சொன்னால் போதும். கிணற்றை இப்படி எழுதலாம்: கிணற்றின் குறுக்குப் பரப்பு × மட்டம் ஏறும் வேகம் = ஊற்று − இறைப்பு. ஊற்றுக்கு இன்னொரு வரி: ஊற்று = ஊற்றின் திறன் × (சுற்றியுள்ள நிலத்தடி மட்டம் − கிணற்று மட்டம்). கிணறு முடிந்தது. பம்புக்கு அதன் வரைபடம், மோட்டாருக்கு அதன் வரைபடம், குழாய்க்கு உராய்வு, லைனுக்குக் கம்பியின் தடை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அடுத்ததைப் பற்றிய கவலையே இல்லாமல் எழுதிவிட்டுக் கடைசியில் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இணைப்பில்தான் இந்த மொழியின் அழகு. இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் அழுத்தம் ஒன்றாக இருக்கும், வந்து போகும் ஓட்டத்தின் கூட்டல் பூஜ்யம். மின்சாரத்தில் வோல்டேஜ் ஒன்று, கரண்டின் கூட்டல் பூஜ்யம். கிர்க்காஃப் 1845-ல் கம்பிகளுக்குச் சொன்ன விதி இங்கே தண்ணீருக்கும், சுழலும் தண்டுக்கும், வெப்பத்துக்கும் பொருந்துகிறது. தனித்தனி அறைகளில் நான் படித்த பாடங்கள் ஒரே திரையில் ஒன்றாக உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

மொழி வருவதற்கு முன்பும் மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. சோவியத் நாட்டில் விளாதிமிர் லுக்யானோவ் 1936-ல் தண்ணீரையே குழாய்களில் ஓடவிட்டு, கான்கிரீட் ஏன் வெடிக்கிறது என்ற வெப்பக் கணக்கைத் தீர்க்கும் எந்திரம் கட்டினார். பில் ஃபிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் 1949-ல் லண்டனில் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே தண்ணீர்த் தொட்டிகளாக ஓட்டிக் காட்டினார். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1953-ல் சமரேந்திர குமார் மித்ரா வடிவமைத்த அனலாக் கணினி, 10 மாறிகள் உள்ள நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்தது. அந்த நாளில் அது பெரிய சாதனை. நம் ஊருக்கு இன்னும் பக்கத்தில், திருவள்ளூரை அடுத்த பூண்டியில், நீர்வளத்துறையின் நீரியல் ஆய்வு நிலையம் அணைகளையும் மதகுகளையும் சின்ன அளவில் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்துவருகிறது. ஐம்பதில் ஒரு பங்கு அளவில் கட்டினால் காலமும் சுருங்கும்: ஒரு மணி நேர வெள்ளத்தை எட்டரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். அணைக்கு அப்படிக் கட்டிப் பார்க்க அரசாங்கத்தால் முடியும். அஞ்சு ஏக்கர் மல்லாட்டைக்காரரின் கிணற்றுக்கு யார் மாதிரி கட்டித் தருவார்கள்? எழுதிப் பார்க்கும் மொழி வந்த பிறகுதான் அவருக்கும் ஒரு மாதிரி சாத்தியமானது.

சித்தப்பாவின் நோட்டிலிருந்து ஒரு கிணற்றை எடுத்தேன். அறுபது அடி ஆழம், 5 எச்.பி., இரண்டரை இன்ச் குழாய், லைன் கடைசி. அவர் எழுதியிருந்த எண்களை அப்படியே கொடுத்து, புரட்டாசியிலிருந்து ஆனி வரை ஓட்டினேன். கரண்டின் கோடு தையில் மேலே போனது. வைகாசியில் தண்ணீர் ஆழத்துக்குப் போனபோது கரண்ட் இறங்கி, வேறு தொல்லை தலைகாட்டியது. தரையில் உட்கார்ந்த பம்பு தண்ணீரை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். காற்றின் அழுத்தம் தாங்கும் எல்லை கணக்கில் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது. எங்கள் ஊரில் கோடையில் கிணற்றுக்குள்ளே மேடை அமைத்து மோட்டாரைக் கயிறு கட்டி இறக்கிவைப்பது அதனால்தான். நோட்டில் கோடைப் பக்கங்களில் "காத்து இழுக்குது", "ஃபுட்வால்வ்" என்றும், தைப் பக்கங்களில் "காயில்" என்றும் அவர் கையெழுத்தில் இருந்தது. திரையில் வந்த கோடும் நோட்டும் ஒத்துப்போயின.

வரைபடத்தை அவரிடம் காட்டினேன். கடையை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கரண்டு எவ்ளோன்னு வச்ச?" என்று கேட்டார். வோல்டேஜை ஒரே அளவாக வைத்து ஓட்டியதைச் சொன்னேன், முதலில் பம்பின் குணம் மட்டும் தெரியட்டும் என்பதற்காக. "அடுத்த கொல்லைக்காரன் சும்மாவா இருப்பான்? அவனையும் போடு" என்றார். டிரான்ஸ்ஃபார்மரையும் அதில் தொங்கும் மற்ற மோட்டார்களையும் சேர்த்து ஓட்டினேன். பழைய கிணற்றையோ பம்பையோ தொடவே வேண்டியிருக்கவில்லை. இணைப்பை மட்டும் மாற்றினேன். லைன் கடைசி மோட்டாரின் கோடு இன்னும் உயர்ந்தது. வால்வைக் கால்வாசி மூடி ஓட்டியதும் இறங்கியது. அதைப் பார்த்ததும் அவர், வால்வை மூடச் சொன்னதற்குக் கோபப்பட்ட அந்த மாமாவின் ஊரைச் சொல்லி, அவர் பையன் இப்போது விவசாயம் பார்க்கிறானா என்று விசாரித்தார்.

அன்றைக்கும் இன்றைக்கும் இடையே என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால் எனக்கு வேதனையாகவும் இருக்கிறது, நம்பிக்கையாகவும் இருக்கிறது. அன்று எங்கள் பக்கத்துப் பையன் என்ஜினியரிங் படிக்கக் கிண்டிக்கோ அண்ணாமலை நகருக்கோ போக வேண்டும். இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளே இருக்கின்றன. அன்று இந்த வகைக் கணக்குக்குப் பெரிய கணினி வேண்டும். இன்று ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஓப்பன்மாடலிகாவைப் பணம் கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். மத்திய அரசின் நிதியில் நடக்கும் ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸி திட்டம் அதை மாணவர்களிடம் கொண்டுபோகிறது. சாதாரண லேப்டாப்பில் ஒரு கிணற்றின் ஓராண்டு சில நொடிகளில் ஓடி முடிகிறது. இத்தனையும் இருக்க, பம்பு கடையில் போய் நின்றால் முதல் கேள்வி இன்னும் "எத்தன எச்.பி. வேணும்?" என்பதுதான். ஆழம், தூரம், ஊற்று, வோல்டேஜ் நான்கையும் கேட்டு எழுதும் கடையை நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாணவர்கள் அந்தக் கடைகளில் போய் உட்கார்ந்தால் நடக்கும்.

சோலார் பம்பு வந்த பிறகு இதன் அவசரம் கூடியிருக்கிறது. 2019-ல் தொடங்கிய பி.எம்.குசும் திட்டத்தில் மானியத்தோடு சோலார் பம்பு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் போய் அந்த இடத்தில் பேனல் வந்து உட்காருகிறது. கணக்கிலும் அதையே செய்தால் போதும்: மின்வாரியம் என்ற பெட்டியைக் கழற்றிவிட்டுப் பேனல் என்ற பெட்டியை மாட்டினால், கிணறும் பம்பும் குழாயும் அப்படியே ஓடும். கார்த்திகை மேகத்தில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வரும், அந்தத் தண்ணீர் எத்தனை செண்ட்டுக்குப் பாயும் என்பதைப் பேனல் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். கடன் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கிணற்றுக்கு எழுதிய அந்த முதல் வரி ஏரிக்கும் பொருந்தும். பரப்பு × மட்டம் ஏறும் வேகம் = வரத்து − மதகு வழி போவது − கலிங்கு வழி போவது. எங்கள் பக்கத்து ஏரிகள் சங்கிலியாகக் கிடக்கின்றன. ஒன்றின் கலிங்கு அடுத்ததன் வரத்து. அந்தச் சங்கிலியை எழுத வேண்டும் என்று என்னைத் தள்ளியது 2024-ன் ஃபெஞ்சல் புயல்.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த புயல் நகராமல் நின்றுவிட்டது. டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு கோடி லிட்டர். அப்படியென்றால் மயிலத்தைச் சுற்றி ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் 51 கோடி லிட்டர் விழுந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். லிட்டரில் சொன்னால் நொடிக்கு 47 லட்சத்துக்கு மேல். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் உள்ள ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றன. அரசூரில் தேசிய நெடுஞ்சாலைமேல் வெள்ளம் ஓடியது. எங்கள் உறவுக்காரர்கள் வீட்டு மாடியில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்தார்கள்.

பழைய பொறியாளர்கள் வெள்ளத்தைக் கணக்கிட ரைவ்ஸ் சூத்திரத்தை நம்பினார்கள். 1880-களில் சென்னை மாகாணத்துக்கென்று வந்த சூத்திரம்: நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும், கடலுக்கு 80 கிலோமீட்டருக்குள் அந்த எண் 6.8. நூறு சதுர கிலோமீட்டருக்குப் போட்டால் நொடிக்கு 146 கன மீட்டர் என்று வரும். மயிலத்து மழை அதே நூறு சதுர கிலோமீட்டரில் விழுந்து, அதில் பாதி மட்டும் ஓடி வந்ததாக வைத்துக்கொண்டாலும், நாள் முழுவதற்குமான சராசரியே நொடிக்கு 295 கன மீட்டர். உச்சம் அதைவிடப் பெரிது. காரணம் எளிது, அந்தச் சூத்திரத்துக்குள் மழை என்ற ஒன்றே கிடையாது. பரப்பு மட்டும்தான் இருக்கிறது. அதை உருவாக்கியவரைக் குறை சொல்ல மாட்டேன். கையால் கணக்குப் போட்ட காலத்தில் ஒரு பாலத்துக்கு ஒரு எண் வேண்டியிருந்தது, அவர் கொடுத்தார். நம்மிடம் இன்று மழை மணிக்கு மணி அளக்கப்படுகிறது. ஆற்றில் வெள்ளம் எப்படி நகரும் என்பதற்கு ஸேன்-வெனாங் 1871-லேயே சமன்பாடு எழுதி வைத்துவிட்டார். அதைத் தீர்க்கும் மென்பொருளை அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் எச்.இ.சி. ராஸ் என்ற பெயரில் இலவசமாகவே தருகிறார்கள். அமைதியான ஒரு ஆடி மாதத்தில் உட்கார்ந்து, மயிலத்தில் 40 செ.மீ. பெய்தால் என்ன, 50 பெய்தால் என்ன என்று ஓட்டிப் பார்க்கலாம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்பது அந்தத் தெருக்காரருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால், பாட்டியையும் கன்றுக்குட்டியையும் பகலிலேயே மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

கலிங்கைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் அதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. கலிங்கின்மேல் தண்ணீரின் ஆழம் இரண்டு மடங்கானால் வெளியேறும் தண்ணீர் ஏறத்தாழ 2.8 மடங்காகும். 20 மீட்டர் நீளக் கலிங்கில் அரை மீட்டர் தண்ணீர் ஓடினால் நொடிக்கு 12 கன மீட்டர், ஒரு மீட்டர் ஓடினால் 34. கடைசித் தண்ணீர் வரை தேக்கிவைக்க ஆசைப்பட்டுக் கலிங்கின்மேல் மணல் மூட்டை அடுக்குவது வழக்கம். அரை மீட்டருக்கு மூட்டை அடுக்கினால் மழை கொட்டும் இரவில் ஏரி வெளியேற்ற வேண்டிய 34 சட்டென்று 12 ஆகிறது. மீதி கரைமேல் ஏறுகிறது. இந்தக் கோட்டை ஊர்க்கூட்டத்தில் காட்டியபோது ஒரு பெரியவர் எழுந்து, மூட்டையை எடுத்துவிட்டால் பங்குனியில் கழனிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் ஓட்டிப் பார்த்தோம்: ஐப்பசி கார்த்திகையில் மூட்டை இல்லாமல் விட்டு, மார்கழி பத்தாம் தேதிக்குப் பிறகு அடுக்கினால், சாதாரண ஆண்டில் பங்குனித் தண்ணீர் கொஞ்சம்தான் குறைகிறது. எவ்வளவு கொஞ்சம் என்பதில் எனக்கும் மாணவர்களுக்கும் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை, ஏனென்றால் அது ஏரியின் கொள்ளளவைப் பொறுத்தது.

அந்த எண்ணுக்காகத்தான் இப்போது அலைகிறோம். 1883-ல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் பொறியாளர்கள் மாகாணத்தில் ஏரி ஏரியாக நடந்து, நீர்ப்பிடிப்பு, கொள்ளளவு, ஆயக்கட்டு, மதகின் அடிமட்டம், கலிங்கின் நீளம் என்று ஒவ்வொன்றையும் அளந்து மெமாயர் எழுதினார்கள். இன்றைய மாடலுக்கு வேண்டிய எண்கள் முக்கால்வாசி அந்தப் பழுப்புத் தாள்களில்தான் இருக்கின்றன. எழுதியவர்கள் சங்கிலியும் லெவலும் பிடித்து முள்ளுக்குள் நடந்தவர்கள். அவர்களுக்கு நான் மனசார நன்றி சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் வண்டல் படிந்திருக்கிறது, வரத்து வாய்க்காலில் வீடுகள் வந்திருக்கின்றன. மெமாயரில் உள்ள கொள்ளளவைக் கொடுத்தால் ஏரி கணக்கில் மெதுவாக நிரம்புகிறது. 2024 டிசம்பரில் அது எத்தனை மணிக்குக் கலிங்கு போனது என்று மடை திறப்பவர் சொன்ன நேரத்தோடு ஒத்துப்போகவில்லை. அவர் சொன்ன நேரத்தைத்தான் நாங்கள் நம்புகிறோம். தவறான எண்ணைக் கொடுத்தால் எந்த மொழியும் தவறான விடையைத்தான் அழகாக வரைந்து தரும்.

ஆகவே சித்திரையில் ஏரி வற்றியதும் மாணவர்கள் லெவல் கருவியோடு இறங்கப் போகிறார்கள். முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி, கரையிலிருந்து கரைக்கு. கருவேல மரம் அடர்ந்த தென்கோடியில் அளக்க ஆள் வேண்டும். மடை திறப்பவர் தன் மகனை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.